சொல் சேர்க்கும் சுவர்: பங்கேற்புக் கலைத் திட்டம் நடத்தும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொது இடத்தில் பாதி வரியை எழுதி வைத்துவிட்டு, அந்த வழியாகப் போகிறவர்களே மீதியை எழுதி முடிக்க விடுவதுதான் பங்கேற்புக் கலையின் மிக எளிய வடிவம். யாருக்கும் வரையத் தெரிய வேண்டாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். செலவும் குறைவு. அதனால்தான் மாணவர்கள் இதை விரும்பி எடுக்கிறார்கள். திட்டமிடாமல் இறங்கிவிடுவதும் அதனால்தான்.

கலைஞர் கேண்டி சாங் 2011இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டின் சுவருக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். சாவதற்குள் என்ன செய்ய ஆசை என்று கேட்கும் ஒரே வரியை அதில் ஸ்டென்சிலால், அதாவது எழுத்துகளை வெட்டியெடுத்த தகட்டால், திரும்பத் திரும்பப் பதித்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. கலைஞர் யோகோ ஓனோ 1996 முதல் நடத்திவரும் விருப்ப மரங்களில் மக்கள் தங்கள் விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கட்டுகிறார்கள். அவை ஐஸ்லாந்தில் அவர் நிறுவிய ஒளிக்கோபுரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அமெரிக்கரான ஃபிராங்க் வாரன் 2004இல் முன்பின் தெரியாதவர்களிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்து, பெயர் போடாமல் ஒரு ரகசியத்தை எழுதி அனுப்பச் சொன்னார். வந்தவற்றை எல்லாரும் பார்க்க வெளியிட்டார்.

சாக்பீஸில் எழுதியது அழியும். மரத்தில் கட்டியது ஓரிடம் போய்ச் சேரும். அஞ்சலட்டை எல்லார் கண்ணிலும் படும். எழுத்து கடைசியில் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தே எழுதுகிறவர் மனம் திறப்பார். அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் முடிவைத் தீர்மானியுங்கள்

பெயின்ட் வாங்குவதற்கு முன், "எழுதியவை கடைசியில் எங்கே போகும்?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். அழித்துவிடுவீர்களா? சிறு புத்தகமாக்கி எழுதிய இடத்திலேயே திருப்பி வைப்பீர்களா? ஏதாவது ஒரு நூலகத்தில் ஒப்படைப்பீர்களா? எதுவானாலும் சரி, ஆனால் உங்கள் பருவம் முடிவதற்குள் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் சுவரடியில் தோற்பதில்லை. 400 அட்டைகள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய், பெட்டி விடுதிக் கட்டிலுக்கு அடியில் போய், தேர்வு வந்துவிடும். அதோடு கதை முடிந்தது.

முடிவு தெரிந்தால் அளவும் தெரிந்துவிடும். 16 பக்கச் சிறுநூல் என்றால் ஏ4 தாள் 4 போதும். இரண்டு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம் கிடைக்கும். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பதில் வைத்தால் 150 பதில்கள் கொள்ளும். எனவே 150 பதில் போதும், 1,000 வேண்டாம். ஒருவர் மணிக்கு 40, 50 சிறு அட்டைகளைத்தான் தட்டச்சு செய்ய முடியும். 1,000 அட்டைகளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நேரம் கையில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்க வரி

திட்டத்தின் முக்கால்வாசி இதுதான். இரண்டு வாரம் செலவழித்தாலும் தகும்.

தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் இடறும் இடம் இலக்கணம். ஆங்கில வரிகளில் வெற்றிடம் இயல்பாகவே கடைசியில் வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் வெற்றிடம் நடுவில் மாட்டிக்கொள்ளும். "நான் ______ விரும்புகிறேன்" என்று வைத்தால், எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தன் பதிலை அந்த வினைக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். பாதிப்பேர் தயங்கி நின்றுவிடுவார்கள். மீதிப்பேர் எழுதுவது வரியோடு ஒட்டாது. வினையைப் பெயராக்கி முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்: "இங்கே காத்திருக்கும்போது நான் நினைத்தது ______". இதற்குப் பின்னால் ஒற்றைச் சொல்லும் வரலாம், முழு வாக்கியமும் வரலாம், பேச்சுத் தமிழில் ஒரு திட்டும் வரலாம். எதுவும் இடிக்காது. "சொல்லாமல் விட்டது", "கேட்க நினைத்தது", "இன்னும் மறக்காதது" எல்லாம் இதே வார்ப்புதான்.

அடுத்தது, வரி அந்த இடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். "சமூக மாற்றம் என்றால் என்ன?" என்று கேட்டால் பள்ளிக் கட்டுரை வரும். "இந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் மரியாதைக்காக நாலு நல்ல சொல் வரும். காத்திருப்பு, வழி தவறியது, கையில் இருந்த பை, கடைசியாகப் பேசிய ஆள் என்று தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

வரி யாரைப் புண்படுத்தும் என்றும் பாருங்கள். "அம்மா அடிக்கடி சொல்வது ______" அழகான வரிதான். ஆனால் அம்மாவை இழந்தவரும், அம்மாவிடம் அடிபட்டு வளர்ந்தவரும் அதன் முன்னால் நிற்பார்கள். "வீட்டில் யாரோ அடிக்கடி சொன்னது ______" என்று மாற்றினால், எந்த ஆளைப் பற்றி எழுதுவது என்பது அவர் கைக்குப் போய்விடும். ஆழமான காயத்தைக் கேட்கும் வரிகளை முதல் திட்டத்தில் எடுக்காதீர்கள். கேட்ட பிறகு தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், உங்களிடம் இருக்க மாட்டார்கள்.

நீளம் ஆறு சொல்லுக்கு மேல் போக வேண்டாம். விளக்கக் குறிப்பு தேவைப்படும் வரியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வெள்ளோட்டம்

மூன்று வரிகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் 10 அல்லது 12 பேரிடம் காட்டுங்கள். அவர்கள் உங்கள் வகுப்புத் தோழர்களாக இருக்கக்கூடாது, சுவர் நிற்கப்போகும் இடத்தில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். எதையும் விளக்காமல் அட்டையைக் கொடுத்துவிட்டு மூன்றைக் கவனியுங்கள்.

1. பேனா தாளைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது? அரை நிமிடத்துக்கு மேல் பலரும் யோசித்தால் வரி கனமாக இருக்கிறது.
2. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? இருவர் கேட்டாலே சொல்லை மாற்றுங்கள்.
3. பதில்கள் எவ்வளவு வேறுபடுகின்றன? பத்தில் ஏழு ஒரே மாதிரி இருந்தால், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள்.

இந்தப் பதில்களைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

அட்டையா, பலகையா?

முதல் முறை செய்கிறவர்களுக்கு அட்டைதான் நல்லது. ஏ6 அளவு, 200 முதல் 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வரை, பளபளப்பில்லாத வெள்ளை அல்லது இளமஞ்சள். ஒரு ஏ4 தாளில் நான்கு அட்டை வரும். 200 அட்டைக்கு 50 தாள், பாழாவதற்கு 10 சேர்த்து 60 வாங்குங்கள். பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா உலராமல் கையில் ஒட்டும். பர்மனென்ட் மார்க்கர் பின்பக்கம் ஊறிவிடும். பால்பாயின்ட் எழுத்து இரண்டடி தள்ளி நின்றாலே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் முனையுள்ள கறுப்பு ஃபெல்ட் பேனாதான் சரி. நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் 12 பேனா வேண்டும். நான்கு காணாமல் போகும், நான்கின் மூடி காணாமல் போகும்.

கயிற்றில் மாட்டுவதாக இருந்தால் கணக்கு இது: படுக்கைவாட்டில் அட்டையின் அகலம் 148 மில்லிமீட்டர், இடைவெளியோடு 170. ஆறு மீட்டர் கயிற்றில் 35 அட்டை. 200 அட்டைக்கு ஆறு கயிறு. ஒன்றரை மீட்டருக்கு ஒரு இடத்தில் கயிற்றைக் கட்டாவிட்டால் நடுவில் தொய்ந்து அட்டைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியும். அட்டைக்கு ஒரு கிளிப் போட்டால் காற்றில் சுழன்று முதுகைக் காட்டும், இரண்டு போடுங்கள். ஸ்டிக்கி நோட்டுகள் சுவர் பூராவும் ஒட்டினால் படத்தில் அருமையாக இருக்கும். தூசியும் ஈரமும் உள்ள சுவரில் சாயங்காலத்துக்குள் பாதி தரையில் கிடக்கும். கண்ணாடியில் மட்டும் நம்பலாம்.

பலகைதான் வேண்டும் என்றால் சுவரைத் தொடாமல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு எடுங்கள், ஒவ்வொன்றும் எட்டுக்கு நாலடி. ஒன்று ஏறத்தாழ 20 கிலோ, தூக்க இருவர் வேண்டும். படுக்கைவாட்டில், கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி நிறுத்தினால் குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். திறந்த வெளியில் இவ்வளவு பெரிய பலகை பாய்மரம் போலக் காற்றை வாங்கும். சாய்த்து வைப்பது போதாது. அசையாத ஒன்றோடு மேலும் கீழும் கட்டுங்கள்.

கரும்பலகைப் பெயின்ட் ஒரு லிட்டரில் ஒரு பூச்சுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரை வரும். இரு பலகை 6 சதுர மீட்டர், இரண்டு பூச்சுக்கு ஒன்றரை லிட்டர். டப்பாவில் சொல்லியிருக்கும் காயும் நேரத்தை மதியுங்கள். மூன்று நாள் விடுவது நல்லது. காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதலில் எழுதியவரின் வரி எத்தனை துடைத்தாலும் பேய் போல நிற்கும்.

பலகையின் மேல் 30 சென்டிமீட்டர் தொடக்க வரிக்கு. மீதி 90ல், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. சாக்பீஸில் எழுதும்போது எழுத்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாகிவிடும். 'கூ', 'று' போன்றவை கீழே இறங்கும், 'கி', 'தீ' மேலே ஏறும். கோடு நெருக்கமாக இருந்தால் ஒருவர் எழுத்தை இன்னொருவர் எழுத்து மிதிக்கும். 75 சென்டிமீட்டர் அகலப் பத்தி மூன்று வைத்தால் பலகைக்கு 27, இரண்டுக்கும் 54 பதில். நிரம்பியதும் படமெடுத்துத் துடைக்க வேண்டும். துடைக்கப்போகிறீர்கள் என்பதைப் பலகையிலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் தன் வரியைப் பார்க்க வருபவர் ஏமாந்து போவார்.

இணையப் படிவத்துக்கு இட்டுச்செல்லும் கியூஆர் கோடை மட்டும் ஒட்டிவைக்கும் யோசனை எல்லாக் குழுவிலும் ஒருவருக்கு வரும். வேண்டாம். கையெழுத்துதான் இந்தக் கலையில் பாதி. அதை இழந்தால் மிஞ்சுவது கருத்துக்கணிப்பு.

தொடக்க வரியின் எழுத்து

பலகை எழுத்துகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம். ஆறு மீட்டர் தள்ளி வருபவர் கண்ணில் படவேண்டும் என்றால் 50. தமிழில் சுழிகள் அதிகம், சிறிதானால் அடைத்துக்கொள்ளும். 70, 80 வைத்துக்கொள்ளுங்கள். "இங்கே காத்திருக்கும்போது நான் நினைத்தது" என்பதில் 19 எழுத்து. இந்த அளவில் சுமார் இரண்டு மீட்டர் நீளும், எட்டடிப் பலகையில் அடங்கும்.

ஸ்டென்சில் வெட்டினால் வ, ண, ள, கொம்பு ஆகியவற்றின் மூடிய சுழிகள் கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விட்டு வெட்டுங்கள். புள்ளியை வட்டமாக வரையாமல் நிறைந்த புள்ளியாக வெட்டுங்கள். அட்டை ஸ்டென்சில் பத்துப் பதினைந்து பதிப்பில் ஊறித் தளரும். ஒரே முறைக்கு அட்டை போதும், பல முறைக்குப் பிளாஸ்டிக் தாள். ஸ்பாஞ்சில் பெயின்ட் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக ஒற்றினால் ஓரம் கசியும்.

அனுமதிக் கடிதம்

இடத்துக்கு உரியவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் நேரம் பிடிக்கும். காவலர் தலையாட்டினால் அது அனுமதி ஆகாது. ஒரு பக்கக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: என்ன அளவு, எப்படி நிறுத்துவது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் அகற்றுவது, சேதமானால் யார் சரிசெய்வது, பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது, தகாதவற்றை எப்படி நீக்குவது. கடைசி இரண்டும்தான் கையெழுத்துப் போடுகிறவரின் உண்மையான பயம். அவற்றுக்குப் பதில் இருந்தால் அனுமதி எளிதில் வரும். மாதிரி அட்டையையும் பலகையின் வரைபடத்தையும் இணையுங்கள்.

பதில்களை ஆய்வுக்கும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் உங்கள் கல்வி நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். எழுதி முடித்த பிறகு அனுமதி கேட்டால் பழைய பதில்களைப் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

எழுதியவரின் ஒப்புதல்

எழுதியது எழுதியவருக்குச் சொந்தம். சுவரில் மாட்டச் சம்மதித்தவர் புத்தகத்தில் போடச் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. அட்டையின் பின்பக்கம் இரண்டு கட்டம் அச்சிடுங்கள்:

☐ இங்கே மாட்டலாம்.
☐ படமெடுத்தோ அச்சிட்டோ பெயரில்லாமல் வெளியிடலாம்.

மூலையில் ஒரு எண். அதே எண்ணோடு கிழித்துக்கொடுக்கும் அடிச்சீட்டு. மனம் மாறினால் அந்த எண்ணைச் சொல்லி எடுத்துவிடச் சொல்லலாம், பெயர் கேட்கவே வேண்டாம். எந்தத் தேதி வரை எடுக்கலாம் என்பதும், உங்கள் திட்டத்துக்கென்று உருவாக்கிய மின்னஞ்சல் முகவரியும் அடிச்சீட்டில் இருக்கட்டும். சொந்தத் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள். சிறுவர்கள் எழுதியதை வெளியிடப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காத இடத்தில், மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதை நீக்குவது?

விதியை முன்பே எழுதி, சுவரின் ஓரத்தில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். அடையாளம் தெரியும் தனிமனிதர் பெயர், தொலைபேசி எண், மிரட்டல், ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தும் சொல் ஆகிய நான்கு போதும். நிறுவனத்தைப் பற்றிய குறை, கெட்ட வார்த்தை, கிறுக்கல், பொருளில்லாத ஜோக் எல்லாம் இருக்கட்டும். கேட்டது நீங்கள்தானே. நீக்குமுன் படமெடுங்கள், குழுவில் இருவர் ஒப்புக்கொண்டால்தான் நீக்குங்கள். இல்லாவிட்டால் யாருக்குப் பிடிக்காததை யார் எடுத்தார் என்ற சண்டை குழுவுக்குள்ளேயே வரும்.

வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளுக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேசையிலும் சுவரிலும் உதவி எண் இருக்க வேண்டும். எழுதியவர் இன்னும் அங்கே இருந்தால் தனியாக, அவசரப்படாமல் பேசுங்கள். வழிகாட்டி ஆசிரியருக்கோ ஆலோசகருக்கோ உடனே சொல்லுங்கள். அந்த அட்டையைக் கண்காட்சிப் பொருளாக்காதீர்கள்.

பத்து வாரக் கணக்கு

முதல் வாரம்: இடத்தை மூன்று வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு நிமிடம்கூட யாரும் நிற்காத இடத்தில் எவ்வளவு நல்ல வரியும் பலிக்காது.
2, 3: தொடக்க வரி, வெள்ளோட்டம், அனுமதிக் கடிதம் கொடுத்தல்.
4: அனுமதிக்காகக் காத்திருக்கும்போதே அட்டை, ஒப்புதல் வாசகம். மாற்று இடம் ஒன்றையும் பிடித்து வையுங்கள்.
5: பொருள் வாங்குதல். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள்.
6, 7: களம். மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்.
8: ஸ்கேன், தட்டச்சு.
9: சிறுநூல்.
10: திருப்பிக் கொடுத்தல்.

மூன்று மணி நேரத்தில் எத்தனை பதில் வரும்? ஒருவருக்கு ஐந்து நிமிடம், ஒரே நேரத்தில் நால்வர் என்றால் ஏட்டுக் கணக்கில் 144. உண்மையில் பாதிதான், 60 முதல் 70 வரை. மூன்று அமர்வில் கிட்டத்தட்ட 200 வரும். ஒப்புதல் இல்லாதவை, படிக்க முடியாதவை போக 150 மிஞ்சும்.

களத்தில்

வெறும் சுவருக்கு முன்னால் யாரும் முதல் ஆளாக எழுத மாட்டார்கள். வெள்ளோட்டத்தில் எழுதியவர்களின் சம்மதத்தோடு அவர்கள் பதில்களில் ஆறேழை முதலிலேயே மாட்டுங்கள். நீங்களே இட்டுக்கட்டி எழுதாதீர்கள், கையெழுத்தும் நடையும் ஒரே மாதிரி இருப்பதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்று வேடிக்கை, ஒன்று சோகம், ஒன்று ஒற்றைச் சொல், ஒன்று மூன்று வரி என்று கலந்து வையுங்கள். முதலில் தொங்குபவை என்ன குரலில் பேசுகின்றனவோ, பின்னால் வருபவையும் அதே குரலில் வரும். ஆறும் ஜோக்காக இருந்தால் அன்று முழுவதும் ஜோக்தான்.

மேசையில் இருவர் போதும். நாலைந்து பேர் கும்பலாக நின்றால் ஏதோ விற்கிறார்கள் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். மேசைக்குப் பின்னால் உட்காராமல் பக்கவாட்டில் நில்லுங்கள். "ஒரு வரி எழுதிட்டுப் போறீங்களா?" என்பதே போதும், திட்டத்தின் நோக்கத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காதீர்கள். மாட்டுவதும் அவர் கையாலேயே நடக்கட்டும்.

எழுத முடியாதவர் சொல்வதை எழுதித்தரும்போது அவர் பேச்சை அப்படியே எழுதுங்கள், பிறகு வாசித்துக் காட்டி "சரியா?" என்று கேளுங்கள். நல்ல தமிழாக்கித் தருவது உதவி அல்ல. வேறு மொழியில் எழுத விரும்புபவர் அதிலேயே எழுதட்டும்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் அட்டைகளை எண்ணி, எண் வரிசைப்படி உறையில் போட்டு, தேதியை எழுதி மூடுங்கள். மழை வந்தால் மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு மேசைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

திருப்பிக் கொடுத்தல்

அட்டைகளின் முன்பக்கமும் பின்பக்கமும் 300 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு) வைத்து ஸ்கேன் செய்து, அட்டை எண்ணையே கோப்புப் பெயராக வையுங்கள். விரிதாளில் எண், பதில், வெளியிடச் சம்மதம், நாள் ஆகிய நான்கு நிரல் போதும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் புள்ளியிட்டு விடுங்கள்.

புத்தகத்தில் வரிசைப்படுத்தும்போது காதல், வேலை, குடும்பம் என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கத் தோன்றும். பிரித்தால் புள்ளிவிவர அறிக்கை போல ஆகிவிடும். எழுதப்பட்ட வரிசையிலேயே விட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றிய ஒரு வரிக்கு அடுத்து மரணத்தைப் பற்றிய ஒரு வரி வரும். சுவரடியில் நின்றவர்கள் அப்படித்தான் படித்தார்கள். நன்றியுரையும் முன்னுரையும் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

அச்சிட்டதில் பத்துப் பிரதியையாவது சுவர் நின்ற அதே இடத்தில், முன்பு எழுதியவர்கள் வரக்கூடிய அதே நேரத்தில் கொண்டுபோய் வையுங்கள். பலகையைக் கழற்றி, கயிற்றின் முடிச்சையும் டேப்பின் பசையையும் சுத்தம் செய்து, இடத்தைப் படமெடுத்து அனுமதி கொடுத்தவருக்கு அனுப்புங்கள். அடிச்சீட்டில் போட்ட கடைசித் தேதி வரை மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள். எடுத்துவிடச் சொல்லி ஒரே ஒரு எண் வந்தாலும் அந்த அட்டையையும், அதன் ஸ்கேனையும், விரிதாளில் உள்ள வரியையும் அன்றே நீக்கிவிட்டு, நீக்கியதாகப் பதில் எழுதுங்கள்.